ஈரம் அறிந்த கை

மே மாதப் பிற்பகலில் சென்னையில் நீர்வண்ணம் தீட்ட உட்காருகிறவர், தாளை நனைத்துவிட்டு நீலத்தைக் குழைப்பதற்குள் தாள் பாதி காய்ந்துவிடும். அதே தாளும் அதே நீலமும் ஜூலை மாதத்தில் இத்தலாரில் ஒரு ஜன்னலோரம் இருந்தால் கதையே வேறு. வண்ணத்தைப் பூசிவிட்டு எழுந்துபோய், டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் தாளின் பளபளப்பு அவ்வளவாகக் குறைந்திருக்காது. இத்தலார், ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் படகர் ஊர். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள், கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் மலைக்காய்கறித் தோட்டங்கள். தென்மேற்குப் பருவமழை மேற்கு விளிம்பில் ஏறி வந்து முதலில் மோதும் பக்கம் இது. அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானதைத் தமிழ்நாடே பேசியது.

தாள் ஏன் காய மறுக்கிறது என்பதை எண்களில் பார்த்துவிடலாம். 35 டிகிரி செல்சியஸில் காற்று ஏற்றுக்கொள்ளக்கூடிய நீராவியின் உச்ச அழுத்தம் சுமார் 56 ஹெக்டோபாஸ்கல். 15 டிகிரியில் அது வெறும் 17. ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் 35 டிகிரிக் காற்றில் இன்னும் 28 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. மூடுபனி நிற்கும் 15 டிகிரிக் காற்றில், ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கும் குறைவான இடமே மிச்சம். காற்றின் தாகம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. தாளின் வெப்பமும் அறையின் காற்றோட்டமும் கணக்கில் புகுவதால் காயும் நேரம் அப்படியே முப்பது மடங்கு நீளாது. ஆனாலும் பல மடங்கு நீளும். மலை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம். அழுத்தம் குறைந்தால் நீர் கொஞ்சம் வேகமாக ஆவியாகும் என்பது உண்மைதான். குளிரும் ஈரமும் சேர்ந்து அந்தச் சிறு வேகத்தை விழுங்கிவிடுகின்றன.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போன பிறகு, முதல்முறையாகத் தூரிகையைக் கையில் எடுக்கிறவருக்கு இந்தத் தாமதம் பெரிய உதவி. அப்படித் தொடங்குகிறவர்கள் தயங்குவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: கை நடுங்குகிறது, கண் மங்குகிறது, இந்த வயதில் மண்டையில் ஏறாது. இந்த மூன்றைப் பற்றியும் அறிவியலுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நீர்வண்ணத்தில் தொடக்கக்காரர்களின் படம் கெடுவது இந்த மூன்றாலும் அல்ல. தாள் எந்த அளவு ஈரமாக இருக்கிறது என்று தெரியாமல் தொட்டுவிடுவதால்தான் கெடுகிறது. பதினெட்டு வயதுக் கைக்கும் அதே கதிதான்.

நீர்வண்ணக் கட்டியில் இருப்பது பெரிய ரகசியம் எதுவுமில்லை. நன்றாக அரைத்த நிறமி, அதைத் தாளோடு பிடித்துவைக்க அக்கேசியா இனத்து மரப்பிசின் (நம் கருவேலம்பிசினின் நெருங்கிய உறவு), கட்டி இறுகிப் பிளக்காமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின் அல்லது தேன். அவ்வளவுதான். எண்ணெய் ஓவியத்தில் வெள்ளையைப் பூசி வெளிச்சம் கொண்டுவரலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் தாளிலிருந்தே வர வேண்டும். ஒளி மெல்லிய வண்ணப் படலத்தின் வழியே கீழிறங்கி, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி, மறுபடியும் அதே படலத்தின் வழியே கண்ணுக்கு வருகிறது. இரண்டு முறை வடிகட்டப்படுகிறது. அதனால்தான் ஒரு பூச்சு கூடினாலும் படம் சட்டென்று இருண்டுபோகிறது. அதனால்தான் மேகத்துக்கும் அருவிக்கும் இடம் ஒதுக்கி, அங்கே எதுவும் பூசாமல் விடச் சொல்கிறார்கள்.

ஈரமாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரிந்த நிறம், காய்ந்ததும் வெளிறிப்போவது எல்லாத் தொடக்கக்காரர்களையும் ஏமாற்றும். தாளின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நீர் நிரப்பியிருக்கும்போது ஒளி அங்கே குறைவாகச் சிதறுகிறது, உள்ளே ஆழமாகப் போகிறது, நிறம் கறுத்துத் தெரிகிறது. நீர் போய் அந்த இடத்தில் காற்று புகுந்ததும் சிதறல் கூடுகிறது. வெண்மை மேலே வருகிறது. மழையில் நனைந்த செம்மண் கறுப்பதும் இதே இயற்பியல்தான். ஆகவே காய்ந்தபின் வேண்டிய நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாகவே பூச வேண்டும். எத்தனை படி என்பதைக் கண் பழகித்தான் கற்றுக்கொள்ளும்.

ஓரத்தில் விழும் கறுப்புக் கோடு அடுத்த புதிர். வண்ணத்தை ஒரு குட்டையாகத் தேக்கிவிட்டுக் காயவிட்டால், நடுவில் வெளிறி விளிம்பில் மட்டும் நிறம் கூடி நிற்கும். சிந்திய டீத்துளி காய்ந்த இடத்தில் விழும் வளையமும் இப்படித்தான் உண்டாகிறது. எல்லோரும் தினமும் பார்த்த இந்த வளையத்துக்குச் சரியான விளக்கம் 1997-இல்தான் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன் குழுவினர் நேச்சர் இதழில் அதை வெளியிட்டார்கள். துளியின் விளிம்பு தாளைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடிவருகிறது. வரும்போது நிறமித் துகள்களையும் கூட்டிவந்து விளிம்பில் கொட்டிவிட்டுப் போகிறது.

தாளின் ஈரம் பாதி குறைந்த நேரத்தில் மேலே இன்னொரு நீர்த்துளி விழுந்தால், அந்தப் புதிய நீர் காய்ந்துகொண்டிருக்கும் பகுதியை நோக்கிப் பரவி, அங்கிருந்த நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய் ஒழுங்கற்ற ஒரு கரையில் ஒதுக்கிவிடும். வானத்தின் நடுவே காலிபிளவர் பூத்ததுபோல் ஒரு கறை. காரணம் தெரிந்தவர் அதைத் தவிர்க்கலாம். வேண்டும் என்றால் அதையே மரக்கூட்டமாகவும் ஆக்கலாம்.

நிறமிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அல்ட்ராமரைன் நீலத்தின் துகள்கள் கனமானவை, ஒன்றோடொன்று திரளக்கூடியவை. கரடுமுரடான தாளின் பள்ளங்களில் அவை இறங்கித் தங்கி, நிறத்துக்கு ஒரு பொடிமணல் தோற்றம் தருகின்றன. பிரஷியன் நீலமும் தாலோ நீலமும் மிக நுண்ணியவை. இழைக்குள் ஊறிக் கறையாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு துடைத்தாலும் போகாது. மாலையில் குந்தா மலைத்தொடரின் பக்கம் அடுக்கடுக்காகத் தெரியும் நீலத்துக்கு முதல்வகை பொருந்தும். தூரத்து மலை நீலமாகத் தெரிவது, இடையிலுள்ள காற்றும் நுண்துகள்களும் குட்டை அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகம் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால். காடுகள் வெளியிடும் டெர்பீன் என்னும் வாசனைச் சேர்மங்கள் காற்றில் நுண்துகள்களாகி இந்த நீல மங்கலைக் கூட்டுகின்றன என்று பிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1960-இல் எழுதினார். மலையின் ஒவ்வொரு அடுக்கும் பின்னே போகப் போக வெளிறும். தீட்டுகிறவர் அதே வண்ணத்தில் நீரைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தொலைவு தாளில் வந்துவிடும். நீலகிரியில் கற்கிறவருக்குப் பாடப்புத்தகம் ஜன்னலுக்கு வெளியே விரிந்து கிடக்கிறது.

தாளும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. செல்லுலோஸ் இழை நீர் குடித்தால் நீளவாக்கில் மிகக் கொஞ்சமும் அகலவாக்கில் அதைவிடப் பல மடங்கும் பருக்கிறது. மெல்லிய தாள் அலை அலையாக நெளிவது இதனால். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் இதைத் தாங்கும். நல்ல நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். நீர் உடனே உறிஞ்சப்படாமல் மேலேயே கொஞ்ச நேரம் நிற்பதற்கு அதுதான் காரணம். தொடக்கக்காரர்கள் விலையுயர்ந்த வண்ணத்தை வாங்கிவிட்டு மலிவான தாளில் தீட்டுவது வழக்கம். தலைகீழாகச் செய்ய வேண்டும். சாதாரண வண்ணமும் நல்ல தாளும் இருந்தால் கற்றல் நடக்கும். உயர்ந்த வண்ணமும் உறிஞ்சும் தாளும் இருந்தால் ஏமாற்றம்தான் நடக்கும். தூரிகையில் ஓர் எச்சரிக்கை: கீரி முடியில் செய்த தூரிகைகளை வாங்கவே கூடாது. கீரி, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. அந்த முடிக்காக அவை பெருமளவில் கொல்லப்படுவதால் 2019-இல் நாடு முழுவதும் சோதனைகள் நடந்தன. இன்றைய செயற்கை இழைத் தூரிகைகள் நீரை நன்றாகவே பிடித்துவைக்கின்றன.

ஆக, கற்க வேண்டிய மையமான திறமை ஈரத்தின் படிகளை அறிவது. தாள் கண்ணாடிபோல் மின்னும்போது நிறம் எங்கும் ஓடும். மினுமினுப்பு அடங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும்போது விளிம்பு மிருதுவாக விரிந்து அடங்கும். முழுக்கக் காய்ந்தபின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இத்தலாரில் இந்த மாதிரி அறிவுக்குப் பஞ்சமில்லை. அங்கே கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. கொழுந்தை அரைப்பதற்கு முன் காற்றோட்டத்தில் பரப்பி வாட்டுகிறார்கள். பறித்தபோது எடையில் முக்கால் பங்குக்கும் மேல் நீராக இருக்கும் கொழுந்து, பதமாக வாடியதா என்பதை அனுபவசாலிகள் ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மழைநாளில் அதிக நேரம், வெயில்நாளில் குறைந்த நேரம் என்று கை தானே கணக்குப் போடும். நாற்பது வருடம் கொழுந்தோடும் மண்ணோடும் பழகிய ஒருவர் தூரிகை எடுக்கும்போது, ஓவியக் கல்லூரி மாணவருக்கு இல்லாத ஒரு பயிற்சியோடுதான் உட்காருகிறார். அதை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த மலைக்கு நீரில் கரைத்த நிறம் புதிதும் அல்ல. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை போன்ற ஊர்களில் ஆலு குறும்பர்கள் வேங்கை மரத்தின் பிசினையும் இலைச்சாற்றையும் மண்ணையும் கொண்டு தீட்டும் ஓவிய மரபு தொடர்கிறது. வேங்கைப் பிசின் நிறமாகவும் ஒட்டுப்பொருளாகவும் ஒரே சமயத்தில் வேலை செய்கிறது. ஆங்கிலேயர் வந்தபின் நீர்வண்ணப் பெட்டியும் வந்தது. கேப்டன் ரிச்சர்ட் பேரன் 1835-இல் இங்கே தங்கித் தீட்டிய காட்சிகள் 1837-இல் லண்டனில் புத்தகமாயின. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள் வரைந்த தாவரப் படங்கள் உலகத் தரமானவை. நீலகிரித் தாவரங்களுக்கென்றே வைட் வெளியிட்ட நூல் 1851-இல் நிறைவடைந்தது. அவருடைய பெருந்தொகுப்பு 2,101 படத்தட்டுகள் கொண்டது. வைட்டின் பெயர் அளவுக்கு அந்த இருவரின் பெயர் நம் பள்ளிகளில் சொல்லப்படுவதில்லை என்பது வருத்தமான விஷயம். கோத்தகிரியில் நெடுங்காலம் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் (1829–1928), முறையான ஓவியராக இல்லாமலேயே நீலகிரியின் பறவைகளையும் செடிகளையும் தீட்டினார். அவருடைய படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எட்வர்ட் லியர் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கியபோது அவருக்கு 61 வயது. அடுத்த ஆண்டு நீலகிரிக்கும் வந்தார். அவர் தொடக்கக்காரர் அல்ல, வாழ்நாள் முழுவதும் தீட்டியவர். ஆனால் அவருடைய வேலைமுறை வயதானவர்களுக்கும் மூடுபனி ஊர்களுக்கும் அளவெடுத்துத் தைத்தது போன்றது. இடத்தில் நின்று பென்சிலால் மட்டும் வேகமாகக் கோடிழுப்பார். இங்கே சாம்பல் நீலம், அங்கே மங்கிய பச்சை என்று படத்தின் மேலேயே எழுதிவைப்பார். பிறகு அறையில் உட்கார்ந்து மையால் கோடுகளை உறுதிசெய்து வண்ணத்தைப் பூசுவார். மலையைப் பத்து நிமிடத்தில் பனி மூடிவிடும் ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான முறை இல்லை. முதுகும் முழங்காலும் வலிக்காது என்பது கூடுதல் லாபம்.

உண்மையிலேயே பிந்தித் தொடங்கியவர் என்றால் இந்தியாவில் முதல் பெயர் ரவீந்திரநாத் தாகூர்தான். 1861-இல் பிறந்தவர். 1924-இல், அறுபத்து மூன்று வயதில், அர்ஜென்டினாவில் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது கவிதைக் கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கிக்கொண்டிருந்தார். அதைக் கண்டு வியந்தவர் ஒகாம்போ. 1928 வாக்கில் தாகூர் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். அந்த ஆண்டுக் கோடையில் உடல்நலம் குன்றி, சில நாள் குன்னூரிலும் ஓய்வெடுத்தார். 1930-இல் பாரிஸில் முதல் கண்காட்சி. 1941-இல் இறப்பதற்குள் மையிலும் நீர்வண்ணத்திலுமாக 2,000-க்கும் மேற்பட்ட படங்கள். முறையான பயிற்சி எதுவும் கிடையாது. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன்களான அபனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் நாடறிந்த ஓவியர்களாக இருந்த குடும்பத்தில், அவர்கள் பாணி எதையும் பின்பற்றாமல் தன் வழியில் போனார். ஆர்.டபிள்யூ.பிக்ஃபோர்டும் ஜே.போஸும் 1987-இல் எழுதிய கட்டுரையில், தாகூருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருந்திருக்க வேண்டும் என்று அவருடைய படங்களைக் கொண்டு வாதிட்டார்கள்.

கண்ணைப் பற்றிய பயத்துக்கு இங்கிருந்தே பதில் தேடலாம். வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளடைந்து நீல ஒளியை அதிகம் வடிகட்டுகிறது. கண்மணித் துளையும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து, அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம் இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மாற்றம் மெதுவாக நடப்பதால் மூளை தன்னை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியும். கண்புரை முற்றினால் கதை வேறு. குளோத் மோனே தன் படங்கள் செம்பழுப்பில் மூழ்குவதைக் கண்டு, கடைசியில் 1923-இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பிறகு எங்கும் நீலமாகத் தெரிகிறது என்று அவர் குறைபட்டதும் வரலாறு. தமிழ்நாட்டில் இன்று கண்புரை அறுவைச் சிகிச்சை எளிதாகக் கிடைக்கிறது. அதற்கு வழிவகுத்த டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகுதான் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். லென்ஸ் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் நீலம் இவ்வளவு பளிச்சென்று இருந்ததா என்று கேட்பார்கள். நீலமலையில் தூரிகை எடுக்க அதைவிட நல்ல தருணம் எது?

வெளிச்சத்துக்கு ஓர் உள்ளூர்த் திருத்தம் தேவைப்படுகிறது. வடக்கு ஜன்னலோரம் உட்காருங்கள், நேர்வெயில் விழாது என்று ஐரோப்பிய ஓவிய நூல்கள் சொல்லும். இத்தலார் 11 பாகை சொச்சம் வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் அங்கே தலைக்கு வடக்கேதான் நிற்கும். வெயிலடிக்கும் மே மாதத்தில் வடக்கு ஜன்னல் புத்தகத்தில் படித்ததுபோல் நடந்துகொள்ளாது. ஜூன் பிறந்து மேகம் மூடிவிட்டால் எந்த ஜன்னலும் வடக்கு ஜன்னல்தான். வானம் முழுவதுமே சீரான ஒரு விளக்காகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் மட்டுமே வாங்கும் கண்ணுக்கு, பகல்வெளிச்ச நிறமுள்ள ஒரு எல்.இ.டி. விளக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நீலம் காலையில் பார்த்தால் வேறாக இருக்கும்.

கை நடுக்கத்துக்கு வருவோம். எல்லோருடைய கையும் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை மிக நுண்மையாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. விரல்நுனியால் தீட்டினால் அது கோட்டில் தெரியும். தூரிகையை நடுத்தண்டில் பிடித்து, தோளிலிருந்து கையை ஓட்டினால் பெரிய தசைகளின் ஓட்டத்தில் சிறு நடுக்கம் அமுங்கிவிடும். பெரிய தூரிகை, பெரிய தாள், கொஞ்சம் சாய்ந்த பலகை: தொடக்கத்துக்கு இவை போதும். ஈரத்தின்மேல் ஈரமாகத் தீட்டும்போது விளிம்பை வரைவது கை அல்ல, நீர். மிருதுவான மேகத்துக்கு நேர்கோடு தேவையில்லை.

இதையெல்லாம் தாண்டிய உதாரணங்களும் நம்மிடம் உண்டு. வெங்கடசாமியின் விரல்கள் இளவயதிலேயே முடக்குவாதத்தால் கோணிப்போனவை. அந்த விரல்களைப் பழக்கித்தான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். ஓவியர் கோபுலு, பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபின் இடது கையால் வரையக் கற்றுக்கொண்டு தொடர்ந்து வரைந்தார். ஆனந்த விகடன் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக ரசித்த கோடு அது. முதுமையில் ஒரு கையின் வேலையை இன்னொரு கைக்குக் கற்பிக்க முடிகிறது என்றால், மூளையின் வளைந்துகொடுக்கும் தன்மை வயதோடு முற்றிலும் போய்விடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனாலும் ஆய்வுகள் இருக்கின்றன. கவனமாகப் படிக்க வேண்டியவை. ஜெர்மனியில் ஆன் போல்வெர்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பணி ஓய்வுபெற்ற 28 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு பத்து வாரம் தாங்களே ஓவியம் தீட்டியது. இன்னொரு குழு அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தது. முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், தீட்டியவர்களின் மூளையில்தான் பின்பகுதிக்கும் முன்பகுதிக்கும் இடையிலான இணைப்புகள் வலுப்பட்டிருந்தன. பார்த்துப் பேசியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. 28 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதே ஆண்டில் டெக்சாஸில் டெனிஸ் பார்க் நடத்திய ஆய்வு பெரியது: 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர். ஒட்டுத்துணித் தையலும் டிஜிட்டல் புகைப்படக் கலையும் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் பதினைந்து மணி நேரம் கற்றவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. சந்தித்துப் பேசிப் பொழுதுபோக்கிய குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் ரேச்சல் வூ, முதியவர்களுக்கு ஸ்பானிய மொழி, ஓவியம், ஐபேட் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கற்பித்துப் பார்த்தார். சிறிய குழுதான், அறிவுத்திறன் தேர்வுகளில் அவர்கள் தங்களைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களின் மதிப்பெண்களை எட்டினார்கள். மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015-இல் 85 வயதைத் தாண்டிய 256 பேரை ஆராய்ந்தபோது, நடுவயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் போன்றவற்றில் ஈடுபட்டவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு வரும் அபாயம் 73 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழியக் காரணத்தை நிறுவவில்லை. மூளை நன்றாக இருந்தவர்கள்தான் தொடர்ந்து தீட்டியிருக்கலாம் என்ற கேள்வியும் இருக்கிறது.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பலன் வந்தது புதியதும் கடினமானதுமான வேலையிலிருந்து. முதியவர்களுக்கு ஓவியம் என்றாலே மனம் லேசாகும், பொழுதுபோகும் என்று சொல்லி, அச்சடித்த படத்துக்குள் வண்ணம் நிரப்பக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. நீர்வண்ணம் அவர்களுக்கு ஏற்றதாக இருப்பதே அது கடினமானது என்பதால்தான். ஒரு பூச்சுக்கு முன் மூன்று அடி முன்னால் யோசிக்க வேண்டும்: எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டும், எது முதலில் காய வேண்டும், எவ்வளவு நீர். கண், கை, நினைவு, பொறுமை எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்யும். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் அரை மணி நேரம் சிறு தாளில் பயிலுவது மேல். இடைவெளி விட்டுக் கற்பது நிலைக்கும் என்பது எப்பிங்ஹாஸ் 1885-இல் எழுதிய காலத்திலிருந்து மறுபடி மறுபடி சோதித்து உறுதியான விஷயம்.

இத்தலாரில் தொடங்குகிறவர் பயிற்சியை மாதத்துக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்தின்மேல் ஈரம்: வானம், மூடுபனி, பனிக்குள் பாதி மறைந்த கற்பூர மரங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பூச்சுகள் வைக்க இது காலமல்ல. ஒவ்வொன்றும் காயக் காத்திருந்தே பொழுது போய்விடும். அவசரமென்றால் ஹேர் ட்ரையர் உதவும், தள்ளிப் பிடித்துக் காட்ட வேண்டும். கிட்டே பிடித்தால் காற்றே நிறத்தைத் தள்ளிவிடும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை, காலை உறைபனி விலகியபின் காற்று வறண்டிருக்கும். பிற்பகல் 20 டிகிரியும் 45 சதவீத ஈரப்பதமுமாக இருந்தால் காற்றின் தாகம் 13 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு உயர்கிறது, ஏறத்தாழ மே மாதச் சென்னையில் பாதி. மெல்லிய பூச்சுகளை அடுக்கி, கூர்மையான விளிம்புகள் வைத்து, தேயிலை வரிசைகளையும் ஓட்டு வீடுகளையும் தீட்டுவதற்கான பருவம் அதுதான்.

தீட்டிய படங்களுக்கு இரண்டு எதிரிகள். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தாளின் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். புதுத்தாள் என்றாலும் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறி, அந்த இடங்களில் மட்டும் வண்ணத்தை உறிஞ்சிவிடும். மழைக்கு முன்பே தாள்களைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். இன்னொரு எதிரி வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. மலைவீட்டின் ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படம் சமவெளியைவிடச் சீக்கிரம் வெளுக்கும். அலிசரின் கிரிம்சன் சிவப்பு முதலில் போகும். குயினாக்ரிடோன் சிவப்பு நெடுநாள் தாங்கும். 1888-இல் பிரிட்டனில் ரஸ்ஸலும் ஆப்னியும் நீர்வண்ணங்கள் மங்குவதைப் பற்றி விரிவாகச் சோதித்துத் தந்த அறிக்கை, ஒளியோடு ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போதுதான் பெரும்பாலான நிறங்கள் அழிகின்றன என்று காட்டியது. இத்தலாரில் மூன்றும் தாராளம். எனவே கண்ணாடிச் சட்டம் போட்ட படத்துக்கு வீட்டின் உட்சுவர்தான் இடம். சட்டத்தின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு தக்கைத் துண்டுகள் வைத்தால் காற்று நுழைந்து போகும், சுவரின் ஈரம் தாளுக்கு ஏறாது.